தானே அணையும் விளக்கு
மடிக்கணனி விசைப்பலகையின் வெளிச்சம் பற்றி ஒரு பாடம்

கிராமங்களில் இயங்கும் கற்றல் நிலையங்களிலும், மாதர் சங்க அலுவலகங்களிலும், பங்கு மனைகளிலும் மடிக்கணனி இன்று ஒரு புதுமைப் பொருளல்ல. சங்கக் கூட்ட அறிக்கை, சேமிப்புக் கணக்கு, மாணவரின் ஒப்படை, வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கு எழுதும் கடிதம் எனப் பல வேலைகள் அதிலேயே நடைபெறுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை பகல் வேலை முடிந்த பின்னர், இரவு வேளையிலேயே செய்யப்படுகின்றன. அவ்வேளையில் விசைகளின் அடியிலிருந்து வரும் சிறு வெளிச்சம் பெரிதும் உதவுகின்றது.

ஆனால் அந்த வெளிச்சம் சில வினாடிகளில் தானாகவே அணைந்துவிடுகின்றது. ஒரு விசையைத் தொட்டால் மீண்டும் எரிகின்றது. கையை எடுத்துச் சற்றுப் பொறுத்தால் மறுபடியும் அணைகின்றது. இதனைப் பழுது என எண்ணித் திருத்துநரிடம் கொண்டு செல்வோர் உண்டு. விசைப்பலகையையே மாற்ற வேண்டும் என்று கேட்டு, தேவையற்ற செலவுக்கு உள்ளாவோரும் உண்டு. "இந்தக் கணனி இப்படித்தான்" என்று விட்டுவிடுவோரே அதிகம்.

இது பழுதல்ல. யாரோ ஒருவர் எமக்காக முன்கூட்டியே எடுத்து வைத்த ஒரு தீர்மானம். அத்தீர்மானத்தின் காரணம் என்ன, அது எமது தேவைக்குப் பொருந்துகின்றதா, பொருந்தாவிடின் எவ்வாறு மாற்றுவது என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம். பொருள் சிறியதுதான். எனினும், எம் கைக்கு வந்து சேரும் எந்தக் கருவியையும் எவ்வாறு அணுக வேண்டும் என்பதை இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

1. வெளிச்சம் எங்கிருந்து வருகின்றது?

இருளில் தட்டெழுதுவோருக்கு வெளிச்சம் கொடுக்கும் முயற்சி கணனித் துறையில் பல வடிவங்களைக் கண்டுள்ளது. ஐ.பி.எம். நிறுவனத்தின் திங்பாட் கணனிகளில் திரையின் மேல் விளிம்பில் ஒரு சிறு விளக்கு பொருத்தப்பட்டிருந்தது. அது மேலிருந்து கீழ்நோக்கி விசைகளின் மீது ஒளி வீசியது. மேசை விளக்கின் சிறிய வடிவம் என்று இதனைக் கூறலாம். 2003ஆம் ஆண்டு சனவரியில் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட 17 அங்குல பவர்புக் கணனியில் வேறொரு முறை கையாளப்பட்டது. ஒளியிழைகள் மூலம் விசைகளின் அடியிலிருந்து வெளிச்சம் கொடுக்கப்பட்டது. அறையின் வெளிச்சத்தை அளந்து, இருளும்போது தானாக விளக்கேற்றும் உணரியும் அதில் இருந்தது.

இன்றைய கணனிகளில் விசைகளின் அடியில் ஒளியுமிழ் டயோட்டுகள், அதாவது நாம் எல்.ஈ.டி. என வழங்கும் சிறு விளக்குகள், வைக்கப்படுகின்றன. பல கணனிகளில் ஒவ்வொரு விசைக்கும் தனி விளக்கு இருப்பதில்லை. சில விளக்குகளின் ஒளியை மெல்லிய பிளாஸ்ரிக் தகடொன்று பலகை முழுவதும் பரப்புகின்றது. விசையின் மூடி ஒளி புகக்கூடிய பொருளால் ஆனது. அதன்மேல் கறுப்பு வர்ணம் பூசி, எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் வர்ணத்தை நீக்கிவிடுவர். ஆகவே எழுத்து மட்டும் ஒளிர்கின்றது. எழுத்தின் மேல் எதையாவது ஒட்டினால் ஒளி மறைந்துவிடும் என்பதை இங்கு மனத்தில் இருத்திக்கொள்க. பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

2. அணைப்பது யார்?

பலரும் இதனை விண்டோஸ் செய்வதாக எண்ணி, விண்டோஸின் அமைப்புப் பக்கங்களிலேயே தேடிக் களைத்துப் போகின்றனர். பெரும்பாலான கணனிகளில் இந்த விளக்கு விண்டோஸின் பொறுப்பில் இல்லை. தாய்ப்பலகையில் ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு உண்டு. மின்கலத்துக்கு மின்னேற்றுவது, காற்றாடியைச் சுழற்றுவது, விசை அழுத்தங்களைக் கவனிப்பது போன்ற வீட்டு வேலைகளை அதுவே பார்க்கின்றது. விசைப்பலகை விளக்கும் அதன் பொறுப்பிலேயே உள்ளது.

அதன் வேலை முறை எளிது. நீங்கள் ஒரு விசையை அழுத்தியவுடன் அது எண்ணத் தொடங்குகின்றது. அடுத்த விசை அழுத்தப்பட்டால் மீண்டும் முதலிலிருந்து எண்ணும். குறித்த எண்ணிக்கை, உதாரணமாக 10 வினாடி, முடியும்வரை ஒரு விசையும் அழுத்தப்படாவிட்டால் விளக்கை அணைத்துவிடும். நீங்கள் கணனியின் முன் இருக்கின்றீர்களா, எழுந்து சென்றுவிட்டீர்களா என்பது அதற்குத் தெரியாது. பக்கத்தில் உள்ள புத்தகத்தை வாசித்துக்கொண்டிருக்கும் மாணவியும், அடுப்பைப் பார்க்க எழுந்து போன தாயும் அதற்கு ஒன்றுதான்.

ஒளி உணரி உள்ள கணனிகளில் இன்னொரு காரணமும் உண்டு. அறையில் போதிய வெளிச்சம் இருப்பதாக உணரி கருதினால் விசை விளக்கு எரியாது. மேசை விளக்கின் ஒளி நேராக உணரியில் விழுந்தால், விசைகள் நிழலில் இருந்தாலும் அது ஏமாந்துவிடும். உணரி பெரும்பாலும் திரையின் மேற்பகுதியில் கமராவுக்கு அருகில் இருக்கும். கமராவை மறைக்க ஒட்டும் துண்டு உணரியையும் மறைத்தால், பட்டப்பகலிலும் கணனி இரவென்று எண்ணும்.

3. ஏன் அணைக்கின்றது?

விளக்கு கெட்டுவிடும் என்ற அச்சம் இதற்கு முக்கிய காரணமல்ல. நல்ல ஒளியுமிழ் டயோட்டு பல்லாயிரம் மணித்தியாலங்கள் எரியக்கூடியது. முக்கிய காரணம் மின்கலம். ஒரு தடவை மின்னேற்றினால் எத்தனை மணித்தியாலம் வேலை செய்யலாம் என்பது கணனி வாங்குவோர் முதலில் கேட்கும் கேள்வி. ஆகவே உற்பத்தியாளர் ஒவ்வொரு சிறு செலவையும் குறைக்க முயல்கின்றனர். அது தவறல்ல. ஆனால் அச்சேமிப்பு எவ்வளவு என்பதை நாமே கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

ஒரு மடிக்கணனியின் மின்கலம் 45 வாட்-மணி கொள்ளளவு உடையது என்று வைத்துக்கொள்வோம். எழுத்து வேலைக்கு அக்கணனி 8 வாட் எடுக்கின்றது எனவும், விசை விளக்கு முழு ஒளியில் ஏறத்தாழ 1 வாட் எடுக்கின்றது எனவும் கொள்வோம்.

விளக்கின்றி: 45 ஐ 8 ஆல் வகுத்தால் 5 மணி 37 நிமிடம்.
முழு ஒளியில் இடைவிடாது எரிந்தால்: 45 ஐ 9 ஆல் வகுத்தால் 5 மணி.
குறைந்த ஒளியில் கால் வாட் எனக் கொண்டால்: 45 ஐ 8.25 ஆல் வகுத்தால் 5 மணி 27 நிமிடம்.

முழு ஒளி எம்மிடமிருந்து 37 நிமிடங்களை எடுக்கின்றது. குறைந்த ஒளி 10 நிமிடங்களை மட்டுமே எடுக்கின்றது. பெரும்பாலான கணனிகளில் விசை விளக்குக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஒளிப்படிகள் உண்டு. இருண்ட அறையில் முதற்படியே போதுமானது. அடிக்கடி அணையும் பெரிய வெளிச்சத்திலும் பார்க்க நின்று எரியும் சிறிய வெளிச்சம் பயனுள்ளது என்பது இக்கணக்கு தரும் முதற் பாடம்.

இரண்டாவது பாடம் இதனிலும் முக்கியமானது. ஒருவர் தொடர்ந்து தட்டெழுதும்போது விளக்கு அணைவதே இல்லை. ஆகவே 10 வினாடி ஒழுங்கு அவருக்கு எதையும் மிச்சப்படுத்துவதில்லை. ஆள் எழுந்து சென்ற பின் வீணாக எரிவதைத் தடுப்பதே அதன் உண்மையான பயன். ஒருவர் மாலையில் நான்கு தடவை எழுந்து செல்கின்றார் எனக் கொள்வோம். விளக்கு 5 நிமிடத்தில் அணையுமாறு வைத்திருந்தால், அந்த நான்கு தடவையும் சேர்ந்து 20 நிமிடம் வீணாக எரியும். 1 வாட் விளக்குக்கு அது வாட்-மணியில் மூன்றிலொரு பங்கு. 45 வாட்-மணி மின்கலத்தில் இது நூற்றுக்கு ஒரு வீதம் கூட இல்லை. 10 வினாடிக்குப் பதிலாக 5 நிமிடம் என வைப்பதால் ஏற்படும் இழப்பு இவ்வளவே. எழுத்து வேலை செய்வோருக்கு அதனால் கிடைக்கும் வசதியோ பெரிது.

சுவரிலுள்ள மின்சாரத்தில் கணனியைப் பொருத்தியிருக்கும்போது இக்கணக்கு இன்னும் சிறுத்துவிடும். 1 வாட் விளக்கு நாளொன்றுக்கு 4 மணித்தியாலம் வீதம் 30 நாள் எரிந்தால் 0.12 அலகு மின்சாரம் செலவாகும். அதே நேரம் எரியும் 9 வாட் அறை விளக்குக்கு 1.08 அலகு வேண்டும்.

உண்மையாகவே மின்கலத்தைக் காப்பாற்ற விரும்புவோர் முதலில் திரையின் பிரகாசத்தைக் குறைக்க வேண்டும். எழுத்து வேலையின்போது பெரும் பங்கை உறிஞ்சும் உறுப்புகளுள் திரை முதன்மையானது. பின்னணியில் தேவையின்றித் திறந்திருக்கும் நிரல்களை மூடுவதும் பயன் தரும். பெரிய ஓட்டையை விட்டுவிட்டுச் சிறிய ஓட்டையை அடைப்பதால் வாளியில் தண்ணீர் நிற்காது.

4. சிக்கனம் எமக்குப் புதிதல்ல

வெளிச்சத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது பற்றி எமது மக்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் அரிதாயிற்று. அக்காலத்தில் ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு பஞ்சை இட்டு, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சிறு திரியில் ஏற்றிய சிக்கன விளக்கின் முன்னிருந்து மாணவர் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அண்மைக் காலத்திலும் நாம் இருளை அறிவோம். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு நாட்டில் நடைமுறைக்கு வந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கினால் ஏற்பட்ட தடங்கல் நாடு முழுவதையும் மின்சாரமின்றி நிறுத்தியது.

ஜாம் போத்தல் விளக்குக்கும் தானே அணையும் விசை விளக்குக்கும் நோக்கம் ஒன்றுதான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. போத்தல் விளக்கில் திரியை உயர்த்துவதும் தாழ்த்துவதும் அதன் முன் இருந்தவரின் கையில் இருந்தது. நாளை பரீட்சை என்றால் திரி சற்று உயரும். கதை பேசும் நேரமென்றால் தாழும். தேவையை அறிந்தவரே சிக்கனத்தையும் தீர்மானித்தார். விசை விளக்கில் அத்தீர்மானம் வேறொரு நாட்டில், எமது இரவுகளை அறியாத ஒருவரால் எடுக்கப்பட்டு, இயந்திரத்துக்குள் வைத்து அனுப்பப்பட்டுள்ளது.

நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியர் உவமையை வாசகர் அறிவர். ஒரே இரவு, ஒரே விளக்கு. எண்ணெயைப் பற்றி முன்யோசித்தவருக்கும் யோசியாதவருக்கும் முடிவு வேறாயிற்று. கருவி கையில் இருப்பது மட்டும் போதாது, அதனைப் பற்றிய விழிப்பும் வேண்டும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

5. பாதிக்கப்படுவோர் யார்?

"தொட்டால் எரிகின்றதுதானே, இதில் என்ன பிரச்சினை?" என்று சிலர் கேட்கலாம். வேகமாகத் தட்டெழுதத் தெரிந்தவருக்கு இது பிரச்சினையே அல்ல. அவர் விசைகளைப் பார்ப்பதில்லை, நிறுத்துவதுமில்லை. பாதிக்கப்படுவோர் வேறு வகையினர்.

அ. புதிதாகக் கற்பவர். ஒவ்வோர் எழுத்தையும் தேடித் தேடி அழுத்தும் அவர், தேடிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் போய்விடுகின்றது.

ஆ. பார்த்து எழுதுபவர். கையெழுத்துப் பிரதியிலிருந்து கூட்ட அறிக்கையை ஏற்றும் செயலாளர் ஒரு வசனத்தை வாசித்து விளங்கிக்கொண்டு கையை எடுத்துச் செல்லும்போது விசைகள் இருண்டிருக்கும்.

இ. பார்வை குறைந்த முதியோர். வெளிச்சம் மாறி மாறி வருவதும் போவதும் அவர்களது கண்ணுக்குக் களைப்பைத் தருகின்றது.

ஈ. ஒரே அறையில் குடும்பத்தினர் உறங்கும்போது படிப்பவர். அறை விளக்கைப் போட்டால் குழந்தை எழுந்துவிடும். விசை விளக்கே அவருக்கு உகந்தது.

வசதி குறைந்தவருக்கும் புதிதாகக் கற்பவருக்குமே இவ்வொழுங்கு அதிக இடைஞ்சலாக உள்ளது என்பதைக் கவனிக்க. ஏற்கெனவே தேர்ச்சி உள்ளவர் அதனை உணர்வதே இல்லை. கிராமிய வேலைத்திட்டங்கள் பலவற்றிலும் இதே நிலைமையை நாம் காணலாம்.

அமைப்பை மாற்ற முடியாத வேளையில் ஒரு சிறு உபாயம் உண்டு. வெளிச்சத்தை மீளப் பெற எழுத்து விசையை அழுத்தினால் தேவையற்ற எழுத்து ஒன்று விழும். அதற்குப் பதிலாக ஷிப்ற் அல்லது கொன்ட்ரோல் விசையைத் தொடலாம். அவை தனியாக எதையும் எழுதுவதில்லை. பல கணனிகளில் தொடுபலகையில் விரலை வைத்தாலும் விளக்கு எரியும்.

6. மாற்றும் முறை

முதலில், கணனியில் விசை விளக்கு உண்டா எனப் பார்க்க. மேல் வரிசை விசைகளிலோ இடைவெளி விசையிலோ, சிறு கதிர்களுடன் கூடிய விசைப்பலகை அல்லது விளக்குப் படம் இருக்கும். எஃப்.என். விசையுடன் சேர்த்து அதனை அழுத்தினால் ஒளிப்படி மாறும். திங்பாட் கணனிகளில் எஃப்.என். விசையுடன் இடைவெளி விசையை அழுத்த வேண்டும். சில புதிய லெனோவோ மாதிரிகளில் இப்படிகளுடன் "ஓட்டோ" என்ற நிலையும் உண்டு. அது ஒளி உணரியை நம்பி இயங்குவது. நிலையான ஒளி வேண்டுவோர் அதனைத் தவிர்த்துக் குறைந்த ஒளிப்படியைத் தெரிவு செய்யலாம்.

நேர அளவை மாற்றுவதற்குப் பெரும்பாலும் பயோஸ் எனப்படும் அடிப்படை அமைப்புக்குள் செல்ல வேண்டும். விண்டோஸ் தொடங்குவதற்கு முன் இயங்கும் நிரல் அது. ஆகவே கணனியில் விண்டோஸ் இருந்தாலென்ன, லினக்ஸ் இருந்தாலென்ன, முறை ஒன்றே.

டெல் கணனிகள்: கணனியை முற்றாக நிறுத்தி, மீண்டும் இயக்கியவுடன் எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். பல மாதிரிகளில் "கீபோர்ட் பாக்லைற் ரைம்அவுட்" என இரு வரிகள் ஆங்கிலத்தில் இருக்கும். ஒன்று சுவர் மின்சாரத்துக்கு, மற்றது மின்கலத்துக்கு. 5 வினாடியிலிருந்து 15 நிமிடம் வரையும், "நெவர்", அதாவது ஒருபோதும் அணையாது என்பதும் தெரிவுகளாக இருக்கும். 10 வினாடி என்பதே பல டெல் கணனிகளில் தொழிற்சாலையிலிருந்து வரும் ஒழுங்கு.

எச்.பி. கணனிகள்: இயக்கியவுடன் எஃப்10 விசை. "பாக்லிற் கீபோர்ட் ரைம்அவுட்" என்ற வரியைத் தேடுக. மாதிரிக்கேற்ப அது வெவ்வேறு பக்கங்களில் இருக்கும்.

அப்பிள் மக்புக் கணனிகள்: இவற்றில் பயோஸுக்குள் செல்லத் தேவையில்லை. "சிஸ்ரம் செற்றிங்ஸ்" பகுதியில் "கீபோர்ட்" பக்கத்தைத் திறந்தால், பாவனையின்றி எவ்வளவு நேரத்தின் பின் விளக்கு அணைய வேண்டும் எனத் தெரிவு செய்யலாம். இருளில் தானாக ஒளியைக் கூட்டும் ஒழுங்கும் அங்கேயே உண்டு.

ஏனைய கணனிகள்: சிலவற்றில் உற்பத்தியாளரின் துணை நிரலில் இவ்வமைப்பு இருக்கும். சில மாதிரிகளில் மாற்றுவதற்கு இடமே வைக்கப்படவில்லை. அப்படியானால் மேலே கூறிய ஷிப்ற் விசை உபாயமே வழி.

எமது பரிந்துரை: மின்கலத்தில் 1 நிமிடம், சுவர் மின்சாரத்தில் 5 நிமிடம், ஒளி முதற்படியில். பார்த்து எழுதும் வேலை அதிகமெனில் மின்கலத்திலும் 5 நிமிடம் வைக்கலாம். "ஒருபோதும் அணையாது" என்பது பொதுப் பாவனைக் கணனிக்கு நல்லதல்ல. ஆளில்லாத அறையில் எரியும் விளக்கு யாருக்கும் பயன்படாது.

பயோஸுக்குள் செல்வோர் சில எச்சரிக்கைகளைக் கைக்கொள்ள வேண்டும். மாற்ற வந்த ஒரு வரியை மட்டும் மாற்றுக. பழைய அளவு என்ன என்பதை மாற்றுமுன் தாளில் குறித்துக்கொள்க. கடவுச்சொல், தொடக்க ஒழுங்கு, பாதுகாப்பு என்ற தலைப்புகளில் கை வைக்க வேண்டாம். வேலை முடிந்ததும் மாற்றத்தைச் சேமித்து வெளியேறுக. பயோஸ் நிரலைப் புதுப்பிக்குமாறு கணனி கேட்டால், மின்கலம் நிறைந்திருக்கும்போது, சுவர் மின்சாரத்திலும் பொருத்திக்கொண்டே அதனைச் செய்ய வேண்டும். இடையில் மின்சாரம் நின்றால் கணனி முற்றாகச் செயலிழக்கவும் கூடும். மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாளில் அவ்வேலையைத் தொடங்காதிருப்பதே புத்தி.

7. உண்மையான பழுது எது?

எல்லாவற்றையும் அமைப்பு என்று விட்டுவிடவும் கூடாது. எந்த விசையைத் தொட்டாலும், எந்தப் படியிலும் விளக்கு எரியாவிட்டால். பலகையின் ஒரு பாதி மட்டும் எரிந்தால். தண்ணீரோ தேநீரோ சிந்திய பின் விளக்கு மங்கினால், அது பழுதாக இருக்கலாம். அப்போது திருத்துநரை நாடுவது சரியே.

பழைய கணனி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விசைப்பலகை ஒரு தடவை மாற்றப்பட்டிருந்தால், விளக்கில்லாத மலிவான பலகை அதில் பொருத்தப்பட்டிருக்கக்கூடும். படம் இருக்கும், ஒளி இராது. ஆகவே பணம் கொடுக்குமுன் இருளான இடத்தில் வைத்து விளக்கைப் பரிசோதிக்க. நேர அளவை மாற்ற முடியுமா என்றும் கேட்க. திருத்தும்போது பலகையை மாற்ற நேர்ந்தால், விளக்குள்ள பலகையா எனக் கேட்டு, பற்றுச்சீட்டிலும் எழுதுவித்துக்கொள்க.

8. தமிழ் எழுத்தும் விசை வெளிச்சமும்

கடைகளில் கிடைக்கும் மடிக்கணனிகளின் விசைகளில் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளே உள்ளன. ஆகவே தமிழில் எழுதுவோர் தமிழ் எழுத்து ஒட்டிகளை வாங்கி விசைகளில் ஒட்டுகின்றனர். ஒளி புகாத ஒட்டியை ஒட்டினால், முன்னர் கூறியவாறு, ஒளிரும் எழுத்து மூடப்பட்டுவிடும். விசையின் ஓரங்களால் மட்டும் வெளிச்சம் கசியும், எழுத்துத் தெரியாது. விளக்குள்ள பலகைக்கு ஒளி புகும் ஒட்டிகளையே தேட வேண்டும்.

இதனிலும் சிறந்த வழி, பார்க்காமல் தட்டெழுதப் பழகுவது. எஃப், ஜே ஆகிய இரு விசைகளிலும் சிறு மேடு இருப்பதை விரலால் தடவி அறியலாம். இரு சுட்டு விரல்களும் இருக்க வேண்டிய இடம் அதுவே. அங்கிருந்து மற்ற விரல்கள் தத்தம் விசைகளைத் தேடிச் செல்லும். ரெங்கநாதன் முறையோ, பாமினி முறையோ, தமிழ்99 முறையோ, ஒன்றைத் தெரிந்து அதனையே நாள்தோறும் அரை மணித்தியாலம் பயில வேண்டும். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுக்கு விசைப்பலகை அமைத்தார். தட்டச்சு வகுப்புகளில் விசைகளை மறைத்துப் பயிற்றுவித்த ஆசிரியர்களும் இருந்தனர். விரல் அறிந்ததை எந்த இயந்திரமும் அணைக்க முடியாது.

9. ஏனைய கருவிகளுக்கும் இதே கேள்வி

எமது கைத்தொலைபேசியின் திரை அணையும் நேரம், நீர்ப்பம்பியின் தானியங்கி ஆளி, குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலை என எல்லாவற்றிலும் எவரோ முன்கூட்டி வைத்த ஓர் அளவு உண்டு. அதனை மாற்றுவதெல்லாம் நன்மை என்று நாம் கூறவில்லை. சில தானியங்கி ஒழுங்குகள் எமது பாதுகாப்புக்கானவை. சங்கத்தின் கணக்குகள் உள்ள கணனியில், ஆள் எழுந்து சென்றபின் திரை பூட்டிக்கொள்வது கட்டாயம் வேண்டும். அதனை நீக்கிவிட்டு வசதி தேடுவது அறியாமை. சூடு மிஞ்சினால் தானே நிற்கும் மின்னழுத்தியின் ஒழுங்கும் அத்தகையது.

ஆகவே தானே அணையும் எதைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்போம். இது எதைக் காக்கின்றது? யாருக்கு இடைஞ்சல் செய்கின்றது? மாற்றினால் எவ்வளவு இழப்போம்? இம்மூன்றுக்கும் விடை கண்டபின் மாற்றுவதும் சரி, மாற்றாது விடுவதும் சரி, அது எமது தீர்மானமாகும். கேளாமல் ஏற்றுக்கொள்ளும்போதோ, கருவி எம்மிடம் இருந்தாலும் அதன் ஆளி வேறொருவர் கையிலேயே இருக்கின்றது.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் நிலையத்திலுள்ள கணனியின் விசை விளக்கு எத்தனை வினாடியில் அணைகின்றது? கடிகாரம் வைத்து அளந்து பார்க்க. ஒளிப்படிகள் எத்தனை உண்டு?

2. கணனியின் அடியிலோ மின்கலத்திலோ அதன் வாட்-மணி அளவு பொறிக்கப்பட்டுள்ளதா? மூன்றாம் பகுதியிலுள்ள கணக்கை அந்த அளவை வைத்துச் செய்து பார்க்க.

3. நிலையத்துக்கு இரவில் வருவோரில் விசை விளக்கு அதிகம் தேவைப்படுவோர் யார்? அமைப்பைத் தீர்மானிக்கும்போது அவர்களிடம் எவராவது கேட்டதுண்டா?

4. கடந்த ஆண்டில் பழுது என எண்ணித் திருத்தக் கொடுத்த பொருள்களுள், அமைப்பை மாற்றியே சரிசெய்திருக்கக்கூடியவை எவை? அவற்றுக்குச் செலவான தொகையைக் கூட்டிப் பார்க்க.

5. உங்கள் வீட்டில் தானாக அணையும் அல்லது தானாக நிற்கும் கருவிகளைப் பட்டியலிடுக. எவை பாதுகாப்புக்கானவை, எவை சிக்கனத்துக்கானவை எனப் பிரித்து எழுதுக.

செய்முறை: குழுவில் இருவர் சேர்ந்து ஒரு கணனியின் நேர அளவை மாற்றுக. ஒருவர் மாற்ற, மற்றவர் பழைய அளவையும் புதிய அளவையும் திகதியுடன் நிலையக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். ஒரு வாரம் பாவித்த பின், அக்கணனியில் அதிகம் வேலை செய்பவரிடமே புதிய அளவு பொருந்துகின்றதா எனக் கேட்டு, அவர் சொல்லும் அளவை நிலைப்படுத்துக.